கீழத்தெருவில் நான் வாங்காத கைநாட்டு

சில மாதங்களுக்கு முன்பு, தஞ்சாவூரில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பொறியாளர்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கட்டுமானத் தொழிலில் ஒப்பந்தச் சட்டமும் நேர்மையும் என்பது தலைப்பு. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தார்.

"சார், இப்ப டெண்டர் எல்லாம் ஆன்லைன்ல வந்துடுச்சு. யாரும் யார் முகத்தையும் பாக்க வேண்டியதில்ல. இனிமே இந்த சந்தேகம், கண்காணிப்பு எல்லாம் தேவைப்படாதுல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாப்பாட்டு நேரமாகிவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள். அவருக்குச் சொல்ல நினைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா பண்ணையாள். நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்து அரசு கட்டடப் பிரிவில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தபோது தமிழ்நாட்டில் ஆட்சி மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அலுவலகச் சுவர்களில் படங்கள் மாறியிருந்தன. கோப்புகளில் தமிழ் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது. வயலில் வேறு சண்டை நடந்துகொண்டிருந்தது. கூலிக்காக, குத்தகைக்காக, குடியிருக்கும் மனைக்காக. ஒரு ஊரில் வரப்பில் சிவப்புக் கொடி நட்டிருக்கும். அடுத்த ஊரில் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுப்பு நடக்கும், ஓரத்தில் போலீஸ் வேன் நிற்கும். டீக்கடையில் புது ஆள் வந்து உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும்.

ஒப்பந்தச் சட்டத்தை நான் ஆர்வத்தால் படிக்கவில்லை, பயத்தால் படித்தேன். எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், வந்து சேராத மணலுக்குக் கையெழுத்துப் போட்டு வேலை இழந்திருந்தார். அவர் திருடினாரா, ஏமாந்தாரா என்று யாருக்கும் தெரியவில்லை. எப்படியானாலும் தண்டனை ஒன்றுதான் என்பது எனக்குப் புரிந்தது. கும்பகோணத்தில் பழைய புத்தகக் கடையில் சட்டப் புத்தகம் ஒன்றை வாங்கி, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸிலேயே படித்தேன். சம்மதம் என்றால் என்ன, எப்போது அது சம்மதமே இல்லை, பிரதிபலன் இல்லாத வாக்குறுதி ஏன் செல்லாது என்றெல்லாம் உருப்போட்டேன். துறைத் தேர்வில் தேறினேன். புரிந்துகொண்டேனா என்பது வேறு விஷயம்.

எங்கள் செயற்பொறியாளர் சுந்தரேசன். ஒல்லியான மனிதர், கழுத்துப் பட்டன் வரை போட்ட வெள்ளைச் சட்டை. வேலை நடக்கும் இடத்துக்கு வந்தால் குடிக்கிற தண்ணீரைத் தன் கூஜாவிலேயே கொண்டு வருவார். கான்ட்ராக்டர் போட்ட கொட்டகையின் நிழலில்கூட ஒதுங்க மாட்டார், வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வியை மேஸ்திரியிடம் கேட்பார். அதையே லாரி டிரைவரிடம் கேட்பார், பிறகு காவல்காரரிடம். கடைசியில் மேஸ்திரியிடமே திரும்பி வந்து, முதன்முதலாகக் கேட்பது போல மறுபடி கேட்பார். இந்தத் தடவை மேஸ்திரி எதைக் கூட்டிச் சொல்கிறார், எதை விழுங்குகிறார் என்பதுதான் அவருக்கு வேண்டியது.

எந்தத் தாளையும் அவர் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பார். "மேல மரியாதை எழுதியிருப்பான், மிஸ்டர் கலியபெருமாள். காரியத்தைக் கீழதான் வெச்சிருப்பான்" என்பார்.

நான் பார்த்த முதல் டெண்டர் திறப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. எல்லாக் கான்ட்ராக்டர்களும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் போல விபூதியும் சென்டுமாக உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் அரக்கு முத்திரை உடையவில்லை என்று எல்லோருக்கும் காட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒவ்வொரு உறையையும் தூக்கிக் காட்ட வேண்டும். விலையை உரக்கப் படிக்க வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அங்கேயே சிவப்பு மையில் வட்டம் போட்டுச் சுருக்கொப்பம் இட வேண்டும். சுந்தரேசன் உறைகளைப் பிரிக்கவே இல்லை. மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எல்லா உறையிலயும் என் பதவிப் பேர்ல ஒரே இடத்துல புள்ளி விட்டுப் போயிருக்கு. எழுதினது ஒரே கை. டெண்டர் ரத்து" என்று சொல்லி எழுந்து போய்விட்டார். வெளியே ஒருவர் என் தோளில் கை போட்டு, "என்ன தம்பி, உங்க ஐயா பள்ளிக்கூட வாத்தியாரா?" என்று சிரித்தார். அந்தக் கையை நான் எடுத்துவிட்டேன்.

அவரிடமிருந்து அந்த வியாதி என்னைத் தொற்றிக்கொண்டது. செங்கல் வந்தால் இரண்டை எடுத்து மோதிச் சத்தம் கேட்பேன். மணலை உள்ளங்கையில் தேய்த்து எவ்வளவு சேறு ஒட்டுகிறது என்று பார்ப்பேன். கலவைக்குச் சிமெண்ட் அளக்கும் மரப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டுவேன். அடியில் இன்னொரு பலகை வைத்துப் பெட்டியைச் சுருக்கியிருந்ததை ஒருமுறை கண்டுபிடித்திருக்கிறேன். என் கல்யாணத்துக்கு யாரோ ஒரு கான்ட்ராக்டர் அனுப்பிய குத்துவிளக்கைப் பந்தலிலிருந்தே திருப்பி அனுப்பினேன். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை.

"பண்ணையில நெல்லு களவாண்டேன்னு என்னைய மடியை உதறச் சொல்லுவாங்க. இப்ப நீ ஊர்ல உள்ளவன் மடியையெல்லாம் உதறச் சொல்ற" என்றார்.

இனி கீழத்தெரு விஷயத்துக்கு வருகிறேன். பாபநாசத்துக்குக் கிழக்கே ஒரு ஊர். பெயர் வேண்டாம், அவர்களில் பலர் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஊரின் கிழக்கில் விவசாயக் கூலிகளின் கூரை வீடுகள், பஸ் போகும் ரோட்டை ஒட்டியே இருந்தன. மனை அந்த ஊர் மிராசுதாருடையது. அதற்குப் பின்னாலிருந்த ரைஸ் மில்லும் அவருடையதே. கூலிகளுக்கு அரசு செங்கல் வீடு கட்டித் தருவதாக முடிவாகி, இரண்டு வரிசை வீடுகளுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. முதல் வரிசை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அரசு வாங்கியிருந்த மேட்டில். இரண்டாவது வரிசை, கூரை வீடுகள் இருக்கிற ரோட்டோர மனையிலேயே. குடிசைகள் காலியானதும் அந்த மனையைத் தானமாக எழுதித் தருவதாக மிராசுதார் வாக்குக் கொடுத்திருந்தார். மாலை போட்டுப் படமும் எடுத்தாகிவிட்டது.

வேலையை எடுத்தவர் அய்யம்பேட்டை ஹனீபா ராவுத்தர். மர வியாபாரத்திலிருந்து கான்ட்ராக்டுக்கு வந்தவர். மெதுவாகப் பேசுவார், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவர்களை நான் அப்போது நம்புவதில்லை. இன்றும் அப்படித்தான்.

முதல் வரிசைக்குக் கூரை போட்டு முடிந்தது. இரண்டாவது வரிசைக்கு இடத்தைக் கொடுங்கள் என்று ராவுத்தர் எழுதிக் கேட்டார். கேட்க அவருக்கு உரிமை உண்டு. வேலை செய்ய இடம் கொடுக்க வேண்டியது வேலை கொடுத்தவரின் கடமை. சுந்தரேசன் என்னைக் கூப்பிட்டு ஒரு சம்மதப் பத்திரத்தைக் கொடுத்தார்.

"கீழத்தெருவுல எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கிட்டு வாங்க. மூணு பேர் போய்த் திரும்பி வந்துட்டாங்க. நீங்க போனா வெப்பாங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. நான் திறமைசாலி என்று நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

தெருவில் நடவு ஆட்களுக்குத் தலைவி போல இருந்தவர் அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். விவசாயத் தொழிலாளர் சங்கம் நடத்தும் கூலிப் பேச்சுக்கு அவர்தான் முன்னால் நிற்பார். அன்று நடவு இல்லை, எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நான் பத்திரத்தைப் படித்துக் காட்டினேன். புது வீடு தயாராகும்வரை வாய்க்கால் கரையில் போடும் கொட்டகையில் தங்கச் சம்மதிக்கிறோம். இந்த மனையில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியதையும் இல்லை.

"அந்தக் கடைசிய இன்னொருக்கா படிங்க" என்றார் அஞ்சலை.

படித்தேன்.

"பாத்தியதைன்னா?"

"உரிமை."

"குடியிருக்கற மனை குடியிருக்கறவனுக்கேன்னு சட்டம் வந்திருக்குன்னு சங்கத்துல சொன்னாங்களே, அந்த உரிமையா?"

அந்தச் சட்டம் வந்த புதிது. "ஆமாம்" என்றேன்.

"நாங்க எறங்கிட்டா குடியிருக்கறவன் யாரு இங்க?"

நான் அந்தக் கடைசி வரியை மறுபடி பார்த்தேன்.

"மனைய எழுதித் தரேன்னு ஐயா கைநாட்டு வெச்சிருக்காரா?"

"அவர் வாக்குக் கொடுத்திருக்கார்."

"அவரு வாக்கு. எங்களுக்கு மட்டும் கைநாட்டு." என் கையிலிருந்த மைப்பெட்டியைப் பார்த்தார். "முன்னாடி வந்தவங்கள வெரட்டிட்டோம். ஒங்கள வெரட்ட முடியாது. நீங்க யாரு வீட்டுப் புள்ளன்னு எங்களுக்குத் தெரியும். அது தெரிஞ்சுதான அனுப்பியிருக்காங்க?"

பின்னாலிருந்த ஒரு பெரியவர், "அட, நம்ம புள்ள சொல்லுது, வெச்சுடுவோமே" என்று கட்டைவிரலை நீட்டிக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். மைப்பெட்டி என் கையில் திறந்திருந்தது. மூடிப் பைக்குள் போட்டேன். அப்புறம் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருவருடைய மனத்தை ஆட்டுவிக்கும் இடத்தில் இருக்கிறவன், அந்த இடத்தைப் பயன்படுத்தி அவருக்குப் பாதகமாக வாங்கும் சம்மதம் சம்மதமாகாது என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. தேர்வுக்காக அதை மனப்பாடம் செய்தபோது வட்டிக்கடைக்காரரையும் பண்ணையாரையும்தான் நினைத்துக்கொண்டேன். வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு மதகின் மேல் உட்கார்ந்தேன். அந்தப் பிரிவில் சொல்லப்பட்ட ஆள் நான்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெரியவர் பத்திரத்தைப் பார்த்து எழுந்து வரவில்லை, என் முகத்தைப் பார்த்து எழுந்து வந்தார்.

பிரதிபலன் இல்லாத வாக்குறுதியைக் கோர்ட்டில் வைத்துக் கேட்க முடியாது என்பதும் நினைவுக்கு வந்தது. மிராசுதார் சொன்னது காற்றோடு போகும். இவர்கள் வைத்தது நிற்கும்.

அதற்குப் பிறகு யாரைப் பார்த்தாலும் எனக்குச் சந்தேகம்தான். முக்கியமாக ராவுத்தர் மேல். அவருடைய லாரி மில் வளாகத்துக்குள் செங்கல் இறக்குவதை நானே பார்த்திருந்தேன். நம் வேலைக்கு வந்த அதே சூளைச் செங்கல். கீழத்தெரு வீட்டுச் செங்கலை மில்லுக்குத் திருப்புகிறார் என்று முடிவு கட்டி, அடுக்கி வைத்திருந்ததைச் சத்தமில்லாமல் சரிபார்த்தேன். ஒன்றும் குறையவில்லை. குறையாதது இன்னும் சந்தேகத்தைக் கூட்டியது. இதற்கிடையில் மிராசுதாரின் காரியக்காரர் என் வீட்டுக்கு ஒரு வாழைத்தார் கொண்டு வந்தார். "ஐயா தோட்டத்துது. குழந்தைங்க சாப்பிடட்டும்." எனக்கு அப்போது குழந்தையே கிடையாது.

வாழைத்தாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் சுந்தரேசன் முன்னால் போய் நின்றேன். கைநாட்டு வாங்கவில்லை என்றேன்.

"ஏன்?"

சொன்னேன். அவர் பத்திரத்தை எடுத்து, வழக்கம் போலக் கடைசி வரியிலிருந்து மேலே படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மிராசுதார் முதல்ல தானப் பத்திரத்தை ரிஜிஸ்டர் பண்ணட்டும் சார். அதுக்கப்புறம் இவங்க காலி பண்ணட்டும்."

"தர்மம் பண்றவர்கிட்ட நிபந்தனை வெச்சுக் கேக்கச் சொல்றீங்க. ஏமாத்துவார்னு என்ன ஆதாரம்?"

"ஆதாரம் இல்ல. சந்தேகம்தான். ராவுத்தர் மேலயும் இருக்கு." செங்கல் இறக்கியதைச் சொன்னேன்.

அன்று பிற்பகலே ராவுத்தரை வரவழைத்தார். உட்காரச் சொன்னார். மில்லில் என்ன வேலை என்று கேட்டார். "சில்லறை வேலைங்க" என்றார் ராவுத்தர். சுந்தரேசன் மழை, ஜல்லி, லாரி வாடகை என்று எதையெதையோ பேசினார். பிறகு திரும்பி வந்து, முதன்முதலாகக் கேட்பது போல, "மில்லுல என்ன வேலை எடுத்திருக்கீங்க?" என்றார்.

ராவுத்தர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி என் செங்கல்ல எவ்வளவு நாளா எண்ணிக்கிட்டிருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். நேரா வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல." பிறகு சுந்தரேசன் பக்கம் திரும்பினார். "மில்லுக்குக் குடோன் கட்டறேங்க. ரோடு வரைக்கும் வரணும்னு சொல்லியிருக்காரு. குடிசைங்க காலியானதும் அஸ்திவாரம் தோண்டலாம்னு வாக்கு."

"அந்த மனையிலயா? அங்கதானே நீங்க எங்களுக்கு ரெண்டாவது வரிசை கட்டணும்?"

"இடம் குடுத்தா கட்டுவேன். குடுக்கலன்னா ஒப்பந்தம் தானா முறியும், உங்களுக்கும் எனக்கும் சச்சரவில்லன்னு மிராசுதார் ஆளுங்க சொன்னாங்க. அந்த ஏழைங்க எங்க போவாங்கன்னு நான் கேட்டேன். அது கவர்மெண்டு பாடுன்னாங்க."

சும்மா இருப்பது மட்டும் மோசடி ஆகாது, சொல்ல வேண்டிய கடமை இருந்தாலொழிய என்று சட்டத்தில் இருக்கிறது. ராவுத்தர் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சுந்தரேசன், "இதை மிராசுதார் முன்னால சொல்லுவீங்களா?" என்று கேட்டார்.

"சொன்னா குடோன் வேலை போயிடும். இந்தத் தாலுகாவுல பெரிய வீட்டு வேலை எதுவும் அப்புறம் எனக்குக் கிடையாது." கொஞ்சம் யோசித்தார். "இப்ப நீங்க கேட்டீங்க, உள்ளதச் சொன்னேன். அவரு முன்னால கேட்டாலும் அதையேதான் சொல்லணும். சொல்றேன்."

சொன்னார். தாசில்தார் அலுவலகத்தில், மிராசுதார் உட்கார்ந்திருக்க, நின்றபடியே சொன்னார். மிராசுதார் கோபப்படவில்லை. "ராவுத்தரே, உம்ம நல்லவர்னு நெனச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். குடோன் வேலை மறுவாரமே வேறு ஆளுக்குப் போனது. சங்கத்துக்காரர்கள் தாசில்தாரை விடவில்லை. கடைசியில் இரண்டாவது வரிசையைக் குளத்தங்கரைப் புறம்போக்குக்கு மாற்றுவது என்று முடிவானது. கையெழுத்தான ஒப்பந்தத்தை ஒரு தரப்பு மட்டும் மாற்ற முடியாது. பள்ளத்தைத் தூர்க்க வேண்டும், வேலை கூடும். கான்ட்ராக்டர் ஒத்துக்கொண்டால்தான் உண்டு. மறுக்க ராவுத்தருக்கு எல்லா உரிமையும் இருந்தது. காலக்கெடுவை நீட்டித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டு ஒப்புக்கொண்டார். கீழத்தெருக்காரர்கள் வீடு முடியும்வரை இருந்த இடத்திலேயே இருந்தார்கள். ரோட்டோர மனைக்கு, புதுச் சட்டப்படி சங்கத்தின் மூலம் மனுவும் போட்டார்கள்.

வேலை முடிவதற்குள் சுந்தரேசனுக்கு வெளி மாவட்டத்துக்கு மாறுதல் வந்தது. அவர் கிளம்பும் நாளில், பல மாதமாக நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன்.

"சார், அந்தப் பத்திரத்துல கடைசி வரியைத்தான் நீங்க முதல்ல படிப்பீங்க. என்கிட்ட குடுக்கறதுக்கு முன்னாடியே படிச்சிருப்பீங்க."

"படிச்சேன்."

"தெரிஞ்சுதான் என்னை அனுப்பினீங்களா?"

கூஜாவின் மூடியைத் திருகி இறுக்கிக்கொண்டே பதில் சொன்னார். "மேலேருந்து வந்துது. வாங்கி அனுப்பச் சொன்னாங்க. நீங்க வாங்கிட்டு வந்திருந்தா அனுப்பியிருப்பேன். வாங்கலன்னீங்க, அதுக்கான காரணத்தை எழுதி அனுப்பினேன். நான் அனுப்பறவன், மிஸ்டர் கலியபெருமாள்."

கான்ட்ராக்டரின் நிழலில் ஒதுங்காத மனிதர். ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்காத மனிதர். அவரைப் போல ஆகக் கூடாது என்று அன்று முதன்முதலாகத் தோன்றியது. அதற்குப் பிறகு நானும் பல நாற்காலிகளில் உட்கார்ந்தேன். மேலேயிருந்து வந்த தாளைக் கீழே தள்ளும்போதெல்லாம் அந்த 'நான் அனுப்பறவன்' காதில் விழும். சில நேரம் தள்ளாமல் நிறுத்தினேன். சில நேரம் தள்ளினேன்.

திட்டத்தின்படி முதல் வரிசைச் சாவியையும் இரண்டாவது வரிசைச் சாவியையும் ஒரே நாளில் கொடுத்தார்கள். வீட்டைப் பெற்றுக்கொண்டதாக ஒவ்வொரு குடும்பமும் ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதை வாங்குகிற வேலை மறுபடி எனக்கே வந்தது. இந்தத் தடவை பத்திரத்தை எழுதியவனும் நானே. ராவுத்தர் தூரத்தில் லாரியோடு நின்றுகொண்டிருந்தார். விழா மேடைப் பக்கம் அவரை யாரும் கூப்பிடவில்லை.

அஞ்சலை முதலில் வந்தார். படிக்கச் சொன்னார். நிறுத்தி நிறுத்தி முழுவதும் படித்தேன். இத்தனைக்குப் பிறகு கைநாட்டு வைத்துவிடுவார் என்று நினைத்து மைப்பெட்டியைத் திறந்தேன்.

"இருங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்குப் போனார். பஸ்ஸுக்குக் காத்திருந்த முன்பின் தெரியாத ஒருவரைக் கூட்டி வந்தார். துணிப்பையும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்தார் அவர். தாளை என் கையிலிருந்து வாங்கி அவரிடம் கொடுத்தார் அஞ்சலை.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு சத்தமா படிங்க சாமி. விடாம படிங்க."

சுற்றிலும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலைகுனிவாக இருக்கும் என்று நினைத்தேன், அப்படி இல்லை. அந்த ஆள் ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க, நானே எழுதிய வரிகள்தான் என்றாலும், நான் எதையாவது மாற்றிப் படித்திருப்பேனோ என்று எனக்கே வியர்த்தது. கடைசி வரி வந்ததும் அஞ்சலை அதை மட்டும் இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தார். நான் படித்ததும் அதுவேதான்.

அதற்குப் பிறகுதான் அவர் மையில் விரலைத் தொட்டார்.